அம்மாவின் கணுக்கால் புண் மூன்று வருடமாக ஆறவில்லை, எந்தக் களிம்பு போடலாம்?

முதுநகர்க்காரி | 9 பிப்ரவரி 2025, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகர். அம்மாவுக்கு 61 வயது. இடது காலில், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே ஒரு புண். 2022 ஆடியில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து ஆரம்பித்தது, அப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லை, இப்போது என் உள்ளங்கையில் பாதி இருக்கும். சர்க்கரை மூன்று முறை பார்த்தாயிற்று, இல்லை. பிரஷர் மட்டும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார்.

மஞ்சள், வேப்பிலை, பீட்டாடின், பச்சை டியூப், வெள்ளை டியூப், தூவுகிற பொடி எல்லாம் போட்டாயிற்று. ஆன்டிபயாடிக் மட்டும் ஆறு கோர்ஸ். பக்கத்து கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவார்கள், நுரை பொங்கும், "பார், அழுக்கெல்லாம் வருகிறது" என்பார்கள், மறுநாள் பழையபடி நீர் வடியும். பெஞ்சல் மழையில் இரண்டு நாள் தெருத் தண்ணீரில் நடக்க வேண்டியதாகிவிட்டது, அதற்குப் பிறகு நாற்றம் வேறு. முப்பது வருடம் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாகப் போனவர் இப்போது புடவை ஓரம் நனைந்துவிடும் என்று பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக்கூடப் போக மாட்டேன் என்கிறார். அடுத்த மாதம் மாசி மகம், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரமாட்டாராம்.

நல்ல களிம்பு ஏதாவது தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கட்டு_அறை | 10 பிப்ரவரி, காலை 6.15

டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் அறையில் 18 வருடமாக நர்ஸ்.

தங்கச்சி, களிம்பு கடைசிக் கேள்வி. முதலில் இதைச் சொல்லுங்கள். சாயங்காலம் கால் வீங்கிக் காலையில் வற்றுகிறதா? புண்ணைச் சுற்றித் தோல் காப்பி டிகாக்‌ஷன் சிந்தின மாதிரி கறுத்து, அழுத்தினால் பலகை மாதிரி இருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறதா? காலைத் தொங்கப்போட்டால் கனத்து வலித்து, தூக்கி வைத்தால் இதமாக இருக்கிறதா? டாப்லர் ஸ்கேன் (குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கிற ஸ்கேன்) யாராவது எடுக்கச் சொன்னார்களா?

முதுநகர்க்காரி | 10 பிப்ரவரி, காலை 7.02

அக்கா, நான்கு கேள்விக்கும் ஆமாம். ஐந்தாவதுக்கு இல்லை. அந்த வார்த்தையையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கட்டு_அறை | 10 பிப்ரவரி, இரவு 9.20

அப்படியென்றால் பெரும்பாலும் இது சிரை நாளப் புண். நம் ஜனங்கள் நரம்புப் புண் என்பார்கள், நரம்பு இல்லை, இரத்தம் திரும்பி வருகிற குழாய்.

அடிபம்பு தெரியும் இல்லையா, வாஷர் போனால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறின வேகத்தில் கீழே இறங்கிவிடும். காலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி அழுத்தித் தள்ளும், ஏறினது இறங்காமல் குழாய்க்குள் இருக்கிற வால்வு பிடித்துக்கொள்ளும். வால்வு கெட்டால் இரத்தம் கணுக்காலில் தேங்கி நிற்கும், அந்த அழுத்தத்தில் நீரும் சிவப்பணுவும் தோலுக்குள் கசியும், அதில் இருக்கிற இரும்புதான் அந்தக் காப்பி நிறம். அந்தத் தோலுக்குச் சீவன் கிடையாது. கொசுக்கடி, கட்டில் முனை, பிள்ளை உதைத்தது, எது பட்டாலும் உடையும், உடைந்தால் மூடாது. அம்மாவின் புண் கொசுவால் வந்தது இல்லை, கொசு கதவைத் தட்டிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

ஆகவே மேலே எதைத் தடவினாலும் உள்ளே தேங்கல் அப்படியேதான் இருக்கும். தேங்கலைக் குறைக்கிற வைத்தியம் அழுத்தக் கட்டு. விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, கணுக்காலில் 40 மி.மீ. பாதரச அளவு இறுக்கம், மேலே போகப்போகக் குறைவு.

முதுநகர்க்காரி | 10 பிப்ரவரி, இரவு 9.41

தினம் கட்டு போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம் அக்கா? காஸ் வைத்து மேலே ரோல் சுற்றி?

கட்டு_அறை | 10 பிப்ரவரி, இரவு 9.55

அது புண்ணை மூடுகிற கட்டு. நான் சொல்வது காலைப் பிடிக்கிற கட்டு. இரண்டும் வேறு.

ரோடியர்_பென்ஷன் | 11 பிப்ரவரி, காலை 5.30

அம்மாடி, 74 வயதுக் கிழவன் எழுதுகிறேன், பேரன் தட்டச்சு கற்றுக்கொடுத்திருக்கிறான், மெதுவாகத்தான் வரும்.

புதுச்சேரி ரோடியர் துணி மில்லில் 27 வருடம் தறி பார்த்தவன். எட்டு மணி நேர வேலை கேட்டு 1936 ஜூலை 30 அன்று சுடப்பட்டுப் பன்னிரண்டு பேர் செத்த ஊர் இது. அந்த எட்டு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் அந்த எட்டும் நின்ற நிலையில்தான். நடப்பதும் இல்லை, உட்காருவதும் இல்லை, தறிக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்பது. கூடை தூக்கி நடந்த உங்கள் அம்மாவுக்கே வந்திருக்கிறது என்றால் எங்களைக் கேட்க வேண்டாம். என் செட்டில் மூன்று பேருக்கு இதே புண்.

எனக்குப் பதினொரு வருடம் இருந்தது. முதலில் எல்லோரும் சொன்னது யானைக்கால். நம் பக்கத்தில் கால் வீங்கினாலே அதுதான் முதல் பேச்சு, கொசு ஆராய்ச்சி நிலையமே 1975இலிருந்து இங்கே இருக்கிறது, அந்த அளவுக்கு ஒரு காலத்தில் யானைக்கால் உண்டு. கிருமி ராத்திரியில்தான் இரத்தத்தில் நடமாடும் என்று பத்து மணிக்கு மேல் விரலில் குத்தி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் மாத்திரையை விழுங்கினேன், ஊர் வாயை அடைக்க. இப்படியே நான்கு வருடம் போயிற்று. என் மனைவி தனிப் பாயில் படுத்தாள், நாற்றத்துக்காக இல்லை, தூக்கத்தில் கால் பட்டுவிடுமே என்று. அதை அவள் சொல்லி நான் நம்பவில்லை, அது ஒரு தனிக் கதை.

கடைசியில் ஒரு வயதான சர்ஜன் என்னை நிற்க வைத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து என் காலைப் பார்த்தார். அதுவரை எல்லோரும் படுக்க வைத்துத்தான் பார்த்தார்கள். படுத்தால் நரம்பு அமுங்கிவிடும், தெரியாது. நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பண்ருட்டிப்_பலா | 11 பிப்ரவரி, காலை 11.10

துணியைச் சுற்றுவதே மருந்து என்றால் சிரிப்பாக இருக்கிறது. என் மாமாவுக்கு இதே புண், அட்டை விட்டார்கள், கெட்ட இரத்தத்தை உறிஞ்சிவிட்டது, மேலே சுத்தமான தேனும் மஞ்சளும், நாற்பது நாளில் மூடிவிட்டது. காசும் கம்மி. ஏன் இதை யாரும் சொல்வதில்லை?

கட்டு_அறை | 11 பிப்ரவரி, மாலை 4.48

சொல்கிறேன் சார். தேன் கட்டை நான் குறை சொல்ல மாட்டேன், நாற்றம் குறையும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் நியூசிலாந்தில் 368 பேரை வைத்து 2008இல் ஒரு ஆய்வு வந்தது, எல்லோருக்கும் அழுத்தக் கட்டு, பாதிப் பேருக்கு உள்ளே தேன், மீதிப் பேருக்கு வழக்கமான டிரெஸ்ஸிங். பன்னிரண்டு வாரத்தில் ஆறினதில் பெரிய வித்தியாசம் இல்லை. புழுவை விட்டுச் சுத்தம் செய்தும் இங்கிலாந்தில் பார்த்தார்கள், அழுக்கு சீக்கிரம் போனது, புண் சீக்கிரம் மூடவில்லை. உள்ளே எதை வைக்கிறோம் என்பது எப்போதும் இரண்டாம்பட்சம்தான்.

அட்டை பற்றி ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மாமா அந்த நாற்பது நாளும் வேலைக்குப் போனாரா, வீட்டில் படுத்திருந்தாரா?

பண்ருட்டிப்_பலா | 11 பிப்ரவரி, மாலை 6.30

படுத்தேதான் இருந்தார். நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ரோடியர்_பென்ஷன் | 11 பிப்ரவரி, மாலை 6.37

அப்போது கால் மேலே இருந்திருக்கிறது தம்பி. ஆறினது அதனால்தான். எனக்கும் ஜுரத்தில் இருபது நாள் படுத்தபோது பாதி மூடியது, மில்லுக்குப் போன வாரமே வாயைத் திறந்துவிட்டது.

இரவு_வண்டி | 12 பிப்ரவரி, காலை 1.15

கடலூர் சென்னை வண்டியில் கண்டக்டர். ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன், இழையில் எல்லோரும் கட்டு கட்டு என்று எழுதுவதைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

என் அப்பாவுக்கு 68 வயது, நாற்பது வருட பீடி. பாதத்தின் வெளிப்பக்கம் புண். ஒரு இடத்தில் காட்டினோம், வெரிகோஸ் (நரம்பு சுருண்டு புடைக்கிற சிரை நோய்) என்று சொல்லி நன்றாக இறுக்கிச் சுற்றி அனுப்பினார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு "கால் எரிகிறது, அவிழ்டா" என்று கத்தினார், நான் டூட்டியில், அம்மாவுக்கு அவிழ்க்கப் பயம், டாக்டர் போட்ட கட்டாயிற்றே என்று விடியும் வரை வைத்திருந்தார்கள். காலையில் விரல் நீலம், ஜில்லென்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு அடைப்பு மேலிருந்து கீழே வருகிற குழாயில். இரண்டு விரல் போயிற்று. கட்டு போடும் முன் யாரும் பாதத்தில் நாடி பிடித்துக்கூடப் பார்க்கவில்லை.

கட்டு_அறை | 12 பிப்ரவரி, காலை 6.05

தம்பி, நீங்கள் எழுதாவிட்டால் இன்று நானே எழுதியிருக்க வேண்டும், முதல் நாளே சொல்லாதது என் தப்பு.

கட்டுக்கு முன் ஒரு பரிசோதனை கட்டாயம். கையில் ஒரு பிரஷர், கணுக்காலில் ஒரு பிரஷர், சின்ன டாப்லர் கருவியை வைத்து அந்த "ஷ்க் ஷ்க்" சத்தத்தைக் கேட்டபடி எடுப்பார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பது, ஏ.பி.பி.ஐ. என்று சீட்டில் எழுதியிருக்கும். 0.8க்கு மேல் இருந்தால் முழு இறுக்கம் போடலாம். 0.5க்கும் 0.8க்கும் நடுவில் என்றால் தெரிந்த டாக்டர் பார்த்துக் குறைந்த இறுக்கம். 0.5க்குக் கீழே கட்டே கூடாது, முதலில் அடைப்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு இரத்தக்குழாய் சுண்ணாம்பாக இறுகிப்போயிருந்தால் எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், 1.3க்கு மேல் வந்தால் நம்பக்கூடாது, கால் விரலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் தெரிகிற அடையாளமும் உண்டு. சிரைப் புண் காலைத் தூக்கினால் வலி குறையும், தமனி (மேலிருந்து இரத்தம் கொண்டுவருகிற குழாய்) அடைப்புப் புண் தொங்கப்போட்டால் குறையும், அதனால்தான் அந்த நோயாளிகள் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பார்கள். கட்டு போட்ட பிறகு விரல் நீலமானாலோ, ஜில்லென்று ஆனாலோ, மரத்துப்போனாலோ, தாங்க முடியாத வலி என்றாலோ, யார் போட்ட கட்டாக இருந்தாலும் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுங்கள். கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

முதுநகர்க்காரி | 26 பிப்ரவரி, இரவு 8.30

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். விடிகாலை நாலரை மணிப் பேருந்து, அங்கே டவுன் பஸ் மாறி, சீட்டு போட்டு சர்ஜரி ஓ.பி.யில் உட்கார்ந்தபோது எங்களுக்கு முன்னால் விழுப்புரம், திண்டிவனம் ஆட்கள் எல்லாம். தாத்தா சொன்னபடி நிற்க வைத்துப் பார்த்தார்கள், நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஏ.பி.பி.ஐ. 1.04. ஸ்கேனில் தொடை வரை போகிற, தோலை ஒட்டிய பெரிய மேல்சிரையில் வால்வு வேலை செய்யவில்லை, ஆழத்துக் குழாய்கள் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அது நல்ல செய்தியாம்.

நான்கு அடுக்குக் கட்டு. முதலில் பஞ்சு, அதன் மேல் கிரேப், பிறகு இழுவைத் துணி, கடைசியில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற பட்டை. பஞ்சை வைத்துக் காலின் வடிவத்தையே மாற்றுகிறார்கள், கணுக்கால் ஒல்லியாகவும் மேலே பருத்தும் தலைகீழாக நிறுத்தின சோடா பாட்டில் மாதிரி இருந்த கால் ஒரே சீரான தூண் மாதிரி ஆனது. அதைப் போடும்போது பாதத்தை நேராக, சுவரில் ஊன்றினது போலப் பிடிக்கச் சொன்னார்கள், தொய்ந்தால் மடிப்பு விழுந்து வெட்டுமாம். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடிக்கொண்டு போனது. புண்ணை வெறும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவினார்கள். பீட்டாடினும் இல்லை, பெராக்சைடும் இல்லை. ஆன்டிபயாடிக் எழுதவே இல்லை, ஜுரமோ சுற்றிலும் பரவுகிற சிவப்போ இல்லாதபோது வேண்டாம் என்றார்கள். இரத்த ஓட்டத்துக்கான பென்டாக்ஸிஃபிலின் 400 மாத்திரை மூன்று வேளை மட்டும்.

முதல் ராத்திரி நரகம். அம்மா அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், கட்டை அறுக்க. விரல் சிவப்பாக, சூடாக இருக்கிறதா என்று அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன் (இரவு_வண்டி அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேதான்). இருந்தது. மூன்று தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் படுக்க வைத்த பிறகு மூன்று மணிக்குத் தூங்கினார். மூன்றாம் நாள் கட்டு நனைந்து வெளியே மஞ்சளாகத் தெரிந்தது, பயந்து ஓடினோம், அவிழ்த்தால் கால் பாதியாக இளைத்திருக்கிறது. தேங்கின நீர்தான் அப்படி வடிந்ததாம்.

லாஸ்பேட்டை_அம்மு | 27 பிப்ரவரி, மதியம் 1.20

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதத் தைரியம் வரவில்லை. எனக்கு 33 வயது. இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டாம் நாள் கால் வீங்கியது, பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தொடை வரை இரத்தம் கட்டியிருந்தது. கட்டி கரைந்தது, வால்வு கெட்டது கெட்டதுதான். ஐந்து வருடத்துக்குப் பிறகு புண். வெரிகோஸ் என்றால் கிழவிகளுக்கு வருவது என்று ஆபீஸில் ஒருத்தி சொன்னாள், அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. எனக்கு லேசர் செய்ய முடியாது என்கிறார்கள், கெட்டது ஆழத்துக் குழாய். காலை இறுக்கிப் பிடிக்கிற அழுத்தச் சாக்ஸ் மட்டும்தான் வாழ்நாள் முழுக்க. இது உண்மைதானா?

கட்டு_அறை | 27 பிப்ரவரி, இரவு 10.10

அம்மு, லேசரும் ரேடியோ அலையும் மேல்சிரையை மூடுகிற வைத்தியம். ஆழத்துக் குழாய்தான் இரத்தம் திரும்புகிற பெரிய ரோடு, அதை மூட முடியாது. ஆனால் இடுப்புப் பக்கத்துக் குழாயில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? சிலருக்கு அங்கே ஸ்டென்ட் வைத்து உதவுகிறார்கள். இரத்தக்குழாய் நிபுணரிடம் அதை மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். சாக்ஸ் எப்படியும் தொடரும்.

பிரசவித்த பெண்ணுக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதை வாசிக்கிற மாமியார்கள் யாராவது இருந்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதுநகர்க்காரி | 19 மார்ச், இரவு 9.00

இரண்டு பிரச்சினை. ஒன்று, வெயில் ஏறிவிட்டது, கட்டுக்குள் அரிக்கிறது, குளிக்க முடியவில்லை. இரண்டு, என் அத்தை வந்திருக்கிறார். மீன், கருவாடு, முட்டை, கத்தரிக்காய் எதுவும் கூடாது, சீழ் பிடிக்கும் என்று அம்மாவுக்கு மூன்று வாரமாக ரசம் சாதம்தான். மீன்காரி வீட்டில் மீன் இல்லை.

மாசி மகத்துக்கு வரவில்லை. ஆனால் வாசல் வரை வந்து சாமி போவதைப் பார்த்தார்.

ரோடியர்_பென்ஷன் | 20 மார்ச், காலை 5.10

அரிப்புக்குக் குடைக்கம்பி, பின்னல் ஊசி எதையும் உள்ளே விட வேண்டாம். நான் விட்டேன், புதிதாக ஒரு புண் வாங்கினேன். கட்டின் மேலேயே உள்ளங்கையால் தட்டிக்கொடு, ஈரத் துணியை மேலே போட்டு ஃபேன் அடியில் வை, அடங்கும். கட்டு மாற்றுகிற அன்று கழுவின பிறகு தோலுக்கு வாசலின் நன்றாகப் பூசச் சொல். வாசனை போட்ட கிரீம் எதுவும் வேண்டாம், இந்தக் கால் எதற்கும் கோபித்துக்கொள்ளும். குளிக்க முக்காலி போட்டு உட்கார்ந்து, பெரிய பிளாஸ்டிக் பையில் காலை விட்டு மேலே டேப் ஒட்டி, அந்தக் காலை இன்னொரு முக்காலியில் நீட்டிக்கொள்ள வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல். தலையணை நழுவும், செங்கல் நழுவாது.

அத்தைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், எனக்கு வயதாகிவிட்டது.

கட்டு_அறை | 20 மார்ச், மாலை 5.35

நான் சொல்கிறேன். புண்ணிலிருந்து வடிகிற நீரில் புரதமும் சேர்ந்து போகிறது. புதுச் சதை வளர அதுதான் வேண்டும். தினம் ஒரு முட்டை, சங்கரா, மத்தி எது கிடைத்தாலும் குழம்பாக வைத்துக் கொடுங்கள், பருப்பு, கீரை, நெல்லிக்காய். கருவாடு மட்டும் பிரஷருக்காகக் குறைக்கலாம், சீழுக்காக இல்லை. பத்தியம் இருந்து இருந்து முகம் வெளுத்து, புண் மெழுகு மாதிரி மந்தமாகி வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன், எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

அப்புறம், பிரஷருக்கு என்ன மாத்திரை?

முதுநகர்க்காரி | 20 மார்ச், மாலை 6.02

அம்லோடிபின் 10.

கட்டு_அறை | 20 மார்ச், மாலை 6.20

அதுவே சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த முறை சீட்டைக் காட்டி "இதற்கு வேறு இருக்கிறதா" என்று கேளுங்கள்.

இன்னொரு வேலை. கட்டு மாற்றும்போது புண் மேல் சுத்தமான கண்ணாடித் தாளை வைத்து, மார்க்கரால் ஓரத்தை வரைந்து தேதி போடுங்கள். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, தாள் பொய் சொல்லாது. நான்கு வாரத்தில் மூன்றில் ஒரு பங்காவது சுருங்கியிருந்தால் சரியான வழியில் போகிறோம். அசையவே இல்லை என்றாலோ, ஓரம் காலிஃபிளவர் மாதிரி தடித்து எழும்பினாலோ சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வருடக்கணக்காக ஆறாத புண்ணில் அபூர்வமாகப் புற்று வரும், மார்ஜோலின் புண் என்று பெயர். 18 வருடத்தில் இரண்டு பேருக்குப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் "இது பழைய புண்தானே" என்று விட்டவர்கள்.

முதுநகர்க்காரி | 6 ஏப்ரல், மதியம் 2.15

வரைந்து கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் எண்ணினேன். மார்ச் 22 அன்று 17 சதுர செ.மீ., இன்று 12. அத்தை ஊருக்குப் போய்விட்டார். மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஓரத்தில் வெள்ளை ரோஜா நிறத்தில் மெல்லிசாக ஒரு கரை தெரிகிறது, அம்மா கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு "தோல் மாதிரி இருக்குடி" என்றார்.

இப்போது ரேடியோ அலை வைத்துக் குழாயை மூடலாம் என்கிறார்கள். புண் ஆறட்டும், பிறகு செய்யலாம் என்று அண்ணன். ஆறுவதற்கு முன் செய்வதா, பிறகா?

பண்ருட்டிப்_பலா | 6 ஏப்ரல், மாலை 7.44

திறந்த புண்ணோடு போய் ஆபரேஷனா? உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி.

கட்டு_அறை | 6 ஏப்ரல், இரவு 9.30

பல வருடம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், எங்கள் அறையிலும் "ஆறினதும் வாருங்கள்" என்றுதான் அனுப்புவோம். 2018இல் இங்கிலாந்தில் 450 பேரை வைத்து நடந்த ஆய்வு வந்தது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பிரிவுக்கு இரண்டே வாரத்துக்குள் குழாயை மூடினார்கள், இன்னொரு பிரிவுக்குப் புண் ஆறின பிறகோ, ஆறு மாதம் ஆறாமல் இருந்தாலோ. முதல் பிரிவில் பாதிப் பேருக்கு 56 நாளில் ஆறியது, மற்றதில் 82 நாள். திரும்ப வருவதும் குறைகிறது. அதற்கு முன்பே 2004இல் வந்த இன்னொரு ஆய்வு, அப்போது கத்தி வைத்து நரம்பை உருவுகிற ஆபரேஷன், கட்டு மட்டும் போட்டவர்களில் ஒரு வருடத்தில் 28 சதவீதம் பேருக்குப் புண் திரும்பியது, ஆபரேஷனும் செய்தவர்களில் 12.

வயிற்றைக் கிழிக்கிற ஆபரேஷன் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு முழங்கால் பக்கத்தில் ஒரு ஊசித் துளை, அதன் வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளேயிருந்து சூடு வைத்து மூடுவது. அன்றைக்கே நடக்கச் சொல்வார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் முடியும் என்றால் தள்ளிப்போட எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் ஒன்று, லேசர் போட்டால் கட்டு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரவு_வண்டி | 7 ஏப்ரல், காலை 2.05

அப்பா இப்போது பீடியை விட்டுவிட்டார். சும்மா சொல்கிறேன்.

ரோடியர்_பென்ஷன் | 7 ஏப்ரல், காலை 5.20

சும்மா சொல்கிற விஷயமா தம்பி இது. அவரை நான் விசாரித்ததாகச் சொல்.

முதுநகர்க்காரி | 18 மே, இரவு 10.15

ஏப்ரல் கடைசியில் செய்தாயிற்று. அரை மணி நேரம்கூட இல்லை. அம்மா மேஜையில் படுத்துக்கொண்டே டாக்டரிடம் வஞ்சிரம் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று பாடம் நடத்தினாராம். தொடையில் கயிறு இழுத்த மாதிரி பத்து நாள் வலி, கொஞ்சம் கன்றிப்போனது. கட்டு தொடர்கிறது.

இந்தக் கத்திரி வெயிலில் கட்டோடு இருப்பவர்களுக்குக் கோயில் கட்டலாம். மதியம் கரண்ட் போனால் நானே கத்தரிக்கோலைத் தேடுகிறேன்.

குதிகாலைத் தூக்கி இறக்குகிற பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், பத்துப் பத்தாக மூன்று வேளை, சுவரைப் பிடித்துக்கொண்டு. சீரியல் விளம்பரத்துக்கு விளம்பரம் செய்கிறார். இன்று 3 சதுர செ.மீ.

பண்ருட்டிப்_பலா | 19 மே, காலை 10.50

நான் முன்பு எழுதினது நினைவிருக்கும். மாமாவுக்குப் புண் அதே இடத்தில் மறுபடி திறந்திருக்கிறது, போன வருடமே திறந்ததாம், என்னிடம் சொல்லவில்லை. கட்டு_அறை சிஸ்டர், அந்த ஏ.பி.பி.ஐ. என்பதை எந்தப் பிரிவில் கேட்க வேண்டும்?

கட்டு_அறை | 19 மே, மாலை 4.30

சர்ஜரி ஓ.பி. சார். மாமாவை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். காலை வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகட்டும், வரிசை நீளமாக இருக்கும்.

முதுநகர்க்காரி | 13 ஜூலை, இரவு 9.25

மூடிவிட்டது. இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு எழுதுகிறேன், கண் படக்கூடாது என்று. காகிதம் மாதிரி மெல்லிய தோல், பளபளவென்று, சுற்றிலும் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது, அது போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது சண்டை சாக்ஸோடு. கிளாஸ் 2, 23 முதல் 32 மி.மீ. என்று அட்டையில் போட்டிருக்கிறது, விரல் திறந்த வகை, காலையில் வீக்கம் வருவதற்கு முன் டேப்பால் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்கினோம். முதல் நாள் நானும் அம்மாவும் இருபது நிமிடம் மல்லுக்கட்டினோம், இரண்டு பேரும் வியர்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்மாவே வழி கண்டுபிடித்தார், கழுவின பால் கவரைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு அதன் மேல் சாக்ஸை வழுக்கி ஏற்றி, விரல் ஓட்டை வழியாகக் கவரை உருவிவிடுகிறார். பாத்திரம் கழுவுகிற ரப்பர் உறையைக் கையில் போட்டுக்கொண்டால் பிடி வழுக்காது. எழுந்ததும் கட்டிலை விட்டு இறங்கும் முன் மாட்ட வேண்டும், ராத்திரி படுக்கும்போது கழற்றலாம். இரண்டு ஜோடி, ஒன்று நிழலில் காயும்போது ஒன்று காலில். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்க வேண்டுமாம்.

லாஸ்பேட்டை_அம்மு | 13 ஜூலை, இரவு 9.50

பால் கவர்! ஐந்து வருடமாக நான் டால்கம் பவுடர் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

இடுப்புக் குழாய் ஸ்கேனுக்குத் தேதி கிடைத்திருக்கிறது, அடுத்த வியாழன்.

கட்டு_அறை | 14 ஜூலை, காலை 6.10

படித்துவிட்டு டியூட்டிக்குப் போகிறேன், இன்று நல்ல நாள். அந்தக் கண்ணாடித் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், என் நோயாளிகளுக்குக் காட்ட ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இன்னொன்று, வலது காலை யாராவது பார்த்தார்களா?

முதுநகர்க்காரி | 14 ஜூலை, இரவு 8.40

நேற்று ராத்திரியே டார்ச் அடித்துப் பார்த்தேன் அக்கா. கணுக்கால் உள்பக்கம் லேசாகக் காப்பி நிறம் இருக்கிறது. புண் இல்லை, அரிப்பு மட்டும்.

அதற்கும் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குத்தான் புண் ஆறின பிறகு முதல்முறையாக மீன் ஏலத்துக்குப் போகிறார், கூடை தூக்க இல்லை, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவாராம். வந்த பிறகு சொல்கிறேன்.